அடைத்த கடையின் கூலி

ஓர் ஊரில் ஏரிக்கரை உடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு. மழை விட்டபாடில்லை. ஊரார் எல்லோரும் கரையில் கூடிவிட்டார்கள். உடைப்பை அடைக்க உடனே மண் வேண்டும். கரையை ஒட்டினாற்போல் ஓர் ஏழைக் குடியானவனின் சிறு நிலம் இருக்கிறது. நாற்று நட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. ஊர்த்தலைவர் ஒரு வார்த்தை சொல்லுகிறார். நூறு மண்வெட்டிகள் அந்த நிலத்தில் இறங்குகின்றன. விடிவதற்குள் உடைப்பு அடைபட்டது, ஊர் பிழைத்தது, எல்லோருடைய வயலும் தப்பிற்று. அந்த ஒருவனுடைய வயல் மட்டும் பள்ளமாய்க் கிடக்கிறது.

தலைவர் செய்தது சரியா? சரியே. அந்த நேரத்தில் நிலத்துக்காரனுடைய சம்மதத்தைக் கேட்டு நின்றிருந்தால், ஊரும் போயிருக்கும், அவனுடைய நிலமும் போயிருக்கும். அப்படியானால் விஷயம் அதோடு முடிந்ததா? இல்லை. பொழுது விடிந்ததும் ஒரு கேள்வி எழுந்து நிற்கிறது. அந்தப் பள்ளத்துக்கு யார் பொறுப்பு?

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் தேசத்தில் நடந்ததும் இதைப் போன்ற ஒரு காரியமே. கொரோனா நோய் நாடு நாடாகப் பரவி வந்த சமயம். 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு நடந்தது. 24-ந் தேதி செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கே தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு அமுலுக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். நள்ளிரவு முதல் 21 நாட்களுக்குத் தேசம் முழுவதையும் அடைப்பதாக அறிவித்தார். அறிவிப்புக்கும் அமுலுக்கும் இடையே இருந்தது நான்கு மணி நேரம். பால், காய்கறி, மளிகை, மருந்து ஆகிய அவசியமான கடைகள் தவிர, தேசத்தின் கடைகளும் பட்டறைகளும் ஆலைகளும் கதவடைத்தன. 21 நாள் என்று சொன்னது மே 3 வரை நீண்டது. பிறகு மே 17 வரை. பிறகு மே 31 வரை. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று நம் கோவில் கதவுகளும் அடைபட்டே இருந்தன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அடைத்தது தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. அன்று அந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியதே 2021 ஜனவரி 16-ந் தேதிதான். இத்தாலி தேசத்தின் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் படுக்கவைக்க இடமில்லாமற் போனதை உலகமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கலாமா என்பதில் நல்லோரிடையேயும் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் உயிரைக் காக்க வாசலை அடைப்பதற்கு ஆளுகிறவருக்கு அதிகாரம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. நாம் கேட்பது விடிந்தபின் எழும் கேள்வியை மட்டுமே. அடைத்த கடையின் கூலியை யார் கொடுப்பது?

உதாரணத்துக்கு ஒரு சிறிய அச்சுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். இது கற்பனையே, ஆனாலும் இப்படிப்பட்ட ஓர் அச்சுக்கூடம் இல்லாத ஊர் நம் பக்கத்தில் இல்லை. ஒரு முதலாளி, அவரிடம் நான்கு பேர். ஒருத்தி கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பவள், ஒருவர் மிஷின் ஓட்டுபவர், ஒருவர் பைண்டிங் செய்பவர், ஒருவர் காகிதம் எடுத்துவந்து, அச்சானதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். முதலாளி என்று பெயரேயொழிய, அவரும் காலை முதல் இரவு வரை மை படிந்த கையோடு நிற்பவரே. வருஷத்தில் அவருக்கு நாலு காசு கிடைப்பது சித்திரை, வைகாசி மாதங்களின் கலியாணப் பத்திரிகைகளிலும், திருவிழா நோட்டீசுகளிலும், பள்ளிக்கூடத்துப் புத்தகங்களிலும்தான். 2020-இல் கலியாணங்கள் தள்ளிப்போயின, திருவிழாக்கள் நின்றன, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. கடை வாடகையோ நிற்கவில்லை. மிஷின் வாங்கிய கடனும், காகித வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும் அப்படியே இருந்தன. மாதம் பிறந்தது. நான்கு வீடுகளில் சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த நிலையில் மார்ச்சு 29-ந் தேதி மத்திய உள்துறை அமைச்சகம், 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு பிறப்பித்தது. தொழிற்சாலையானாலும் சரி, கடையானாலும் சரி, அடைப்புக் காலம் முழுவதற்கும் எந்தப் பிடித்தமுமின்றி, உரிய தேதியில், தொழிலாளருக்கு முழுச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது என்று வீட்டுக்காரருக்கும் அதே உத்தரவு கட்டளையிட்டது.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இதைவிட இரக்கமுள்ள உத்தரவு வேறு இல்லை. தொழிலாளியின் பசியை நினைத்தே அது எழுதப்பட்டது. அந்த நல்லெண்ணத்தை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆனாலும் நிதானமாய் யோசித்துப் பாருங்கள். கடையை அடை என்று சொன்னவர் ஒருவர். அடைத்த கடையிலிருந்து கூலியைக் கொடு என்று சொன்னவரும் அவரே. அந்தக் கூலிக்காக அவர் தம் கஜானாவிலிருந்து ஒரு காசும் எடுத்துவைக்கவில்லை. பிறருடைய பெட்டியைத் திறந்து தருமம் செய்யச் சொல்வது தருமமாகுமா?

விஷயத்தைத் தெளிவாக்குவதற்கு மூவருடைய நிலையையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, தொழிலாளி. அவன் வேலைக்கு வர மறுக்கவில்லை. வரக்கூடாது என்று தடுக்கப்பட்டான். அவனுடைய குற்றம் எதுவுமில்லை. அவனிடம் இரண்டு வாரத்துக்குமேல் சாப்பிடச் சேமிப்பு இல்லாதிருந்தால், அதுவும் பெரும்பாலும் அவன் குற்றமல்ல. அன்றன்றைக்குச் செலவாகிவிடும் கூலியில் சேமிக்க என்ன இருக்கிறது? ஆகவே அவனுக்கு உணவும் வாழ்வும் கேட்க நியாயம் இருந்தது. அது கிடைக்காத இடத்தில் என்ன நடந்தது என்பதைத் தேசம் கண்ணாரக் கண்டது. கூலி நின்றவுடன் வாடகை நின்றது. வாடகை நின்றவுடன் தங்குமிடம் போயிற்று. ரயிலும் பஸ்ஸும் இல்லாதபடியால், வெளி மாகாணத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அவர்களை ஊர் சேர்க்கச் சிறப்பு ரயில்கள் புறப்பட்டது மே முதல் தேதியில்தான்.

இரண்டாவது, முதலாளி. வேலை செய்தால் கூலி, செய்யாவிட்டால் இல்லை என்று அவர் கையை உதறிவிடலாமா? உதறலாகாது. பத்து வருஷமாய்த் தன்னோடு நின்று தன் தொழிலை வளர்த்தவனை ஒரு மாத நெருக்கடியில் அன்னியனாகப் பார்ப்பது நீதியன்று. வங்கியில் இருப்பு உள்ளவரும், ஆண்டுதோறும் லாபத்தைப் பங்கிட்டு வந்த பெரிய கம்பெனியும் அன்றைக்குச் சம்பளத்தை மறுத்திருந்தால், உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாவமான காரியமே. ஆனால் எவரும் தம்மால் இயன்றதற்கே கடமைப்பட்டவர். இயலாததற்குக் கடமைப்பட்டவர் அல்லர். இது மனச்சாட்சியின் பழைய பாடம். மார்ச்சு 29-ந் தேதி உத்தரவு, ஆயிரம் பேர் வேலைசெய்யும் ஆலையையும் நான்கு பேருள்ள அச்சுக்கூடத்தையும் ஒரே தராசில் நிறுத்தியது. திருப்பூரில் அன்னிய நாட்டு ஆர்டர்கள் ரத்தாகியும் தள்ளிப்போயும் நின்ற பனியன் கம்பெனிக்காரருக்கும் அதே கட்டளை. தெருமுனைத் தையற்கடைக்கும் அதே கட்டளை. இருக்கிறவரையும் இல்லாதவரையும் பாகுபடுத்தாத கட்டளை, பார்வைக்குச் சமத்துவமாய்த் தோன்றும். பலனிலோ அநீதியாகவே முடியும்.

மூன்றாவது, ஆளுகிறவர். இங்கேதான் நம் கேள்வியின் வேர் இருக்கிறது. கடைகள் அடைபட்டது யாருடைய நன்மைக்காக? அச்சுக்கூடத்துக்காரரின் நன்மைக்காக மாத்திரமா? இல்லை; எல்லோருடைய நன்மைக்காகவும். வீட்டிலிருந்தபடியே மாதச் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தரும், பென்ஷன் பெற்ற முதியவரும், பெரும் பணக்காரரும் அந்த அடைப்பினால் காப்பாற்றப்பட்டார்கள். நன்மை எல்லோருக்கும் என்றால், அதன் விலையும் எல்லோருடையது அன்றோ? எல்லோருடைய பங்கையும் திரட்டி வைத்திருக்கும் பொதுப்பெட்டிக்குத்தான் அரசாங்கக் கஜானா என்று பெயர். ஏரிக்கரைக்கு மண் கொடுத்தவன் பக்கத்து நிலத்துக்காரன் என்பதற்காக, கரை முழுவதற்கும் அவனே பொறுப்பாளி ஆகிவிட மாட்டான். அச்சுக்கூடத்துக்காரரும் தொழிலாளியின் பசிக்கு மிக அருகில் நின்றார். அந்தப் பசிக்கு அவர் காரணர் அல்லர்.

மற்ற தேசங்கள் இதை எப்படிச் செய்தன என்று பார்ப்பது பிரயோஜனமாயிருக்கும். பிரிட்டனில் 2020 மார்ச்சு 20-ந் தேதியே, வேலையின்றி நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கை, மாதம் 2,500 பவுன் வரையில், அரசாங்கமே ஏற்கும் என்று அறிவித்தார்கள். ஜெர்மனியில் குறைந்த நேர வேலைக்கு ஈடுகொடுக்கும் பழைய ஏற்பாட்டை விரிவாக்கினார்கள். நியூசிலாந்தில் சம்பளத்துக்கான உதவித்தொகையை முதலாளிகள் கையில் கொடுத்து, அதைத் தொழிலாளருக்குச் சேர்க்கச் சொன்னார்கள். அங்கேயும் எல்லாம் ஒழுங்காய் நடந்ததென்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் சிறு தொழில்களுக்கென்று ஒதுக்கிய 34,900 கோடி டாலர் ஏப்ரல் 16-ந் தேதியோடு தீர்ந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் சில முந்திக்கொண்டு வாங்கியதும், பேச்செழுந்த பின் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. ஆனாலும் கூலியின் சுமையைப் பொதுப்பெட்டி ஏற்கவேண்டும் என்ற எண்ணம் அங்கெல்லாம் முதலில் நின்றது.

அவை செல்வமுள்ள தேசங்கள். நம் தேசம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2019 ஏப்ரலில் 1,13,865 கோடி ரூபாயாக இருந்த ஜி.எஸ்.டி. வசூல், 2020 ஏப்ரலில் 32,172 கோடியாக இறங்கியது. கஜானாவும் காய்ந்துதான் கிடந்தது. அன்றியும் நம் தொழிலாளரில் பெரும்பாலோர் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள். பெயரே தெரியாதவனுக்குச் சம்பளம் அனுப்புவது எப்படி?

இதில் உண்மை இருக்கிறது. அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் அநீதி. மார்ச்சு 26-ந் தேதி 1.70 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாய்க் கிடைத்தது. அது பின்னர் நீடிக்கவும்பட்டது. தமிழ்நாட்டில் அரிசி ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுக்கப்பட்டன. இவற்றால் அடுப்பெரிந்த வீடுகள் பல. ஆனால் இதிலிருந்தே ஒரு பாடம் தெரிகிறது. ரேஷன் கார்டு என்னும் பதிவேடு இருந்த இடத்தில் உதவி வாசல்வரை வந்தது. சிறு தொழிலுக்கு அத்தகைய பதிவேடு இல்லாத இடத்தில் உதவி வழி தெரியாமல் நின்றது. சமாதான காலத்தில் எவரை ஆளுகிறவர் எண்ணாமல் விட்டாரோ, அவரை ஆபத்துக் காலத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சிறு தொழிலுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடன். மார்ச்சு 27-ந் தேதி ரிசர்வ் வங்கி, கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதி தந்தது. பிறகு ஆகஸ்டு 31 வரை நீட்டியது. தவணை தள்ளிப்போயிற்று, வட்டியோ தள்ளிப்போகவில்லை. தள்ளிவைத்த வட்டிக்கும் வட்டி ஏறுகிறதே என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபின், அக்டோபரில்தான் 2 கோடி ரூபாய் வரையுள்ள கடன்களின் வட்டிமேல் வட்டியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மே 13-ந் தேதி அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய்க் கடன் திட்டம், சொத்து ஈடு கேளாமல் கொடுத்தது, நல்லதே. ஆனால் அது முதலில் ஏற்கெனவே கடன்பட்டிருந்தவருக்கு, அந்தப் பாக்கியில் நூற்றுக்கு 20 பங்கு அளவுக்கே கிடைத்தது. வங்கி வாசலை மிதியாமல் கைக்காசில் தொழில் நடத்தியவருக்கு அதில் இடமில்லை. நம் குடியானவனிடம் ஊர்த்தலைவர் வந்து, 'தம்பி, உன் நிலத்தைத் தூர்க்க உனக்கு வட்டிக்குப் பணம் தருகிறோம்' என்று சொன்னால் எப்படியிருக்கும்? உதவிதான், ஆனால் ஈடு அல்ல.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. ஆளுகிறவரின் மனம் எங்கே இருக்கிறது என்பதை, எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்பதிலிருந்து அறியலாம். தமிழ்நாட்டில் 2020 மே 7-ந் தேதி, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. சவரக்கடைக்காரர் அப்போதும் கதவை அடைத்துக்கொண்டு வீட்டிலிருந்தார். கிராமப்புறத்தில்கூட அவருக்கு அனுமதி கிடைத்தது மே 19-ந் தேதிதான். மதுக்கடைகள் திறந்த மறுநாளே, மே 8-ந் தேதி, உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னது. 15-ந் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. 16-ந் தேதி கடைகள் மறுபடி திறந்தன. வருமானம் வேண்டும் என்பது அரசாங்கத்தின் கஷ்டம். அதை நாம் அறிவோம். ஆனால் சம்பளமில்லாத வீட்டில் மிஞ்சியிருந்த சில ரூபாயும், ரேஷன் கடையில் வாங்கிய ஆயிரமும் எங்கே போயிற்று என்று நம் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தலைவர்கள் தாங்களும் சுமையில் பங்கெடுத்ததுண்டா? உண்டு. ஏப்ரல் 6-ந் தேதி, பாராளுமன்ற அங்கத்தினர் சம்பளத்தில் ஒரு வருஷத்துக்கு நூற்றுக்கு 30 பங்கு குறைப்பதென்று மத்திய மந்திரி சபை தீர்மானித்தது. நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டனும் அவருடைய மந்திரிகளும் ஆறு மாதத்துக்கு நூற்றுக்கு 20 பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். இந்தத் தொகைகளால் கஜானா நிரம்பிவிடாது. ஆனாலும் தியாகம் செய்யச் சொல்லுகிறவர் தம் இலையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துவைக்கும்போது, அவர் சொல்லுக்கு ஒரு கனம் உண்டாகிறது.

மார்ச்சு 29-ந் தேதி உத்தரவின் கதை எப்படி முடிந்தது? சிறு தொழிலதிபர்கள் பலர் நீதிமன்றம் சென்றார்கள். மே 18 முதல் அந்த உத்தரவை அரசாங்கமே கைவிட்டது. ஜூன் 12-ந் தேதி உச்ச நீதிமன்றம், சம்பளம் கொடாத முதலாளிகள்மீது இப்போதைக்குக் கடுமையான நடவடிக்கை வேண்டாம். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் சார்ந்தவர்கள். உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று கூறியது. பேசச் சொன்னது விவேகமே. ஆனால் பள்ளத்தை வெட்டச் சொன்ன மூன்றாமவர் அந்தப் பேச்சில் உட்காரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இல்லாத இருவர் பேசிப் பங்கிட்டுக்கொள்ள மிஞ்சியது இல்லாமை ஒன்றுதான்.

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுவே. அடைத்த கடையின் கூலியில் முதற் பங்கு, அடைக்கச் சொன்ன பொதுச் சமூகத்தினுடையது. அதன் சார்பில் அரசாங்கத்தினுடையது. அடுத்த பங்கு, இயன்ற அளவுக்கு முதலாளியினுடையது. முதற் பங்கை அரசாங்கம் கொடாமற் போனால், இரண்டாவது பங்கு ரத்தாகிவிடுவதில்லை. 'அவர் தரவில்லை, நானும் தரமாட்டேன்' என்பது நீதியின் பேச்சன்று.

நிற்க. இதைப் படிக்கும் நாம் மந்திரிகளல்லர். ஆலை முதலாளிகளும் அல்லர். ஆனாலும் 2020 ஏப்ரல் மாதத்தில் நம்மில் அநேகர் சிறு அளவில் ஆளுகிறவர்களாக இருந்தோம். வீட்டில் பாத்திரம் துலக்க வந்த அம்மாளை, 'நோய்க்காலம், நீ வரவேண்டாம்' என்று நிறுத்தினோம். நம் குடும்பத்தின் நன்மைக்காக நிறுத்தினோம், சரியே. அந்த மாதச் சம்பளத்தை அவளுக்குக் கொடுத்தோமா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச்சென்ற ஆட்டோக்காரரை நினைத்தோமா? நம் வீட்டில் குடியிருந்த தையற்காரரிடம் வாடகையைக் கேட்டோமா, பொறுத்தோமா? மூலைக் கடைக்காரர் கடன் நோட்டில் நம் பேருக்கு எழுதிவைத்திருந்த பாக்கியை, அவர் கஷ்டம் அறிந்து முன்கூட்டிக் கட்டினோமா? நம்முடைய மாதச் சம்பளம் குறையாமல் வந்துகொண்டிருந்தது என்றால், இந்தக் கேள்விகள் நமக்கு இன்னும் கனமாகின்றன.

பலர் கொடுத்தார்கள், அதை யாரும் பத்திரிகையில் போடவில்லை. தாமே கடன் வாங்கித் தம் ஆட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுத்த சிறு முதலாளிகளும் உண்டு. பாதி போதும், கடை மறுபடி திறந்தால் சரி என்று சொன்ன தொழிலாளரும் உண்டு. எந்த உத்தரவும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கொடாமல் விட்டவர் என்ன செய்வது? காலம் கடந்துவிட்டதென்று தள்ளவேண்டியதில்லை. அந்த அம்மாள் இன்னும் நம் தெருவிலேதான் இருக்கிறாள். அந்த ஆட்டோக்காரர் இன்னும் அதே நிறுத்தத்தில் நிற்கிறார். ஊர் பிழைத்த பின்பு ஏரிக்கரையில் நடந்துபோகும் ஒவ்வொருவரும், ஓரத்திலிருக்கும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். ஆளுக்கு ஒரு கூடை மண் போட்டால் அது தூர்ந்துவிடும்.